பெருக்கியதைப் பிரித்துக் காட்ட முடியுமா?

89681, 96079 என்ற இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னால், வாய்பாடு தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளை தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் விடையைச் சொல்லிவிடும்: 8616460799. அந்த இரண்டு எண்களையும் மறைத்துவிட்டு, விடையை மட்டும் நீட்டி, இது எந்த இரண்டைப் பெருக்கி வந்தது என்று கேட்டால் கணக்குப் படித்த பெரியவர்களே திணறிப்போவார்கள். 1874-இல் இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இதே எண்ணைக் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார். அவை இரண்டும் பெரிய பகா எண்கள் (1-ஆலும் தம்மாலும் மட்டுமே வகுபடுபவை) என்பதால், தம்மைத் தவிர வேறு யாருக்கும் விடை தெரியவரும் என்று தோன்றவில்லை என்றும் எழுதிவைத்தார்.

அந்த ஓர் எண்ணைப் பொறுத்தவரை அவர் நினைத்தது பொய்த்துப்போனது. எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் அவர் விரல் வைத்த இடம் சரியான இடம். பெருக்குவதற்கு நேரான வழி உண்டு. எண் எவ்வளவு பெரிதானாலும் அந்த வழி கைவிடாது. பெருக்கியதைப் பிரிப்பதற்கோ தேட வேண்டியிருக்கிறது. எண் நீள நீள அந்தத் தேடல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஆறாம் வகுப்பில் காரணிச் செடி வரைந்து, கிளை நுனியில் வந்த எண்களை வட்டமிட்டு முடித்துவிடுகிற பாடத்துக்குள் இவ்வளவு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலேயே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோமே என்பது என் நெடுநாள் வருத்தம்.

எதுவரை தேட வேண்டும்?

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண் அதன் காரணி. 36-ஐ எடுத்துக்கொண்டால் 1×36, 2×18, 3×12, 4×9, 6×6 என்று காரணிகள் இரண்டிரண்டாகவே வருகின்றன. ஒன்று ஏற ஏற மற்றது இறங்குகிறது. 6-இல் இரண்டும் சந்திக்கின்றன. அதற்கு மேல் போனால் பார்த்த சோடிகளே இடம் மாறி வரும். காரணம் எளியது: இரண்டு காரணிகளும் 6-ஐவிடப் பெரியவை என்றால் பெருக்கல் 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே எந்தச் சோடியிலும் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீர வேண்டும்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 97 பகா எண்ணா என்று பார்க்க 96 வரை வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வர்க்கமூலம் 10-க்குள் இருப்பதால் 2, 3, 5, 7 ஆகிய நான்கு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்தது. 4-ஆலும் 6-ஆலும் தனியாகப் பார்க்கத் தேவையில்லை. 2-ஆல் வகுபடாதது 4-ஆல் எப்படி வகுபடும்? கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பெயரால் வழங்கும் சல்லடை இதே எண்ணத்தை ஒரு வரிசை முழுவதற்கும் விரிக்கிறது. 100 வரை எண்களை எழுதி, 2, 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை மட்டும் அடித்துவிட்டால், 1 நீங்கலாக எஞ்சி நிற்பவை சரியாக 25 பகா எண்கள். அடிப்பதற்கு நான்கே எண்கள் போதும் என்பது நிறையப் பேருக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

புத்தகத்தில் வரும் 72, 96, 120 போன்ற எண்கள் தாமாகவே உடைந்துவிடும். எனவே கொஞ்சம் முரண்டுபிடிக்கும் எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையின் முதல் அஞ்சல் குறியீட்டு எண், 600001.

கடைசி இலக்கம் 1, ஆகவே 2-உம் 5-உம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 7, ஆகவே 3 இல்லை. (10, 100, 1000 என எதை 3-ஆல் வகுத்தாலும் மீதி 1 வருவதால்தான் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதுமானதாகிறது.) அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடித்துவிடலாம், ஏனென்றால் 7×11×13 = 1001. எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்து வருவது இந்த மூன்றில் எதனால் வகுபடுகிறதோ, அதனால் மூல எண்ணும் வகுபடும். இங்கே 600-இலிருந்து 1 போக 599. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் மீதி 5, 13-ஆல் மீதி 1. மூன்றும் இல்லை. 17-ஆல் வகுத்தால் மீதி 3. 19-ஆல் வகுத்தால் ஈவு 31579, மீதி இல்லை.

இனி நம் கையில் இருப்பது 31579. பலர் இங்கே மறுபடியும் 2-இலிருந்து தொடங்குவார்கள், அது வீண்வேலை. மூல எண்ணிலேயே இல்லாத 2, 3, 5 அதன் ஈவில் எங்கிருந்து வரும்? 19-இலிருந்தே தொடர வேண்டும், ஏனென்றால் ஒரே பகா எண் இரண்டு முறை வரக்கூடும். 19-ஆல் மீதி 1. 23-ஆல் சரியாக வகுபட்டு 1373 கிடைக்கிறது. 1373-ஐ மீண்டும் 23-ஆல் வகுத்தால் மீதி 16, 29-ஆல் 10, 31-ஆல் 9, 37-ஆல் 4. அடுத்த பகா எண் 41. அதன் வர்க்கம் 1681, அது 1373-ஐத் தாண்டிவிட்டது. அங்கேயே நிறுத்திவிடலாம்; 1373 பகா எண் என்பது உறுதி.

600001 = 19 × 23 × 1373. இதன் வர்க்கமூலம் 774-க்குச் சற்று மேல். அதுவரை 137 பகா எண்கள் இருக்கின்றன. எண் உடையாமல் நின்றிருந்தால் அத்தனையையும் பார்த்திருக்க வேண்டும். 19 கிடைத்த உடனேயே எல்லை 177-ஆகச் சுருங்கியது, 23 கிடைத்ததும் 37-ஆகச் சுருங்கியது. 12 பகா எண்களோடு வேலை முடிந்தது. சிறிய காரணி ஒன்று அகப்பட்டுவிட்டால் மிச்ச வேலை எவ்வளவு குறைந்துவிடுகிறது என்பதை இப்படி ஓர் எண்ணைக் கையால் உடைத்துப் பார்த்தால்தான் புரியும்.

ஒரே விடைதான் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

60-ஐ 6×10 என்று தொடங்கினாலும், 4×15 என்று தொடங்கினாலும், காரணிச் செடியின் நுனிகளில் 2, 2, 3, 5 என்ற அதே நான்கு எண்களே வந்து நிற்கின்றன. வகுப்பில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் இது நிறுவிக் காட்ட வேண்டிய செய்தி.

இரட்டை எண்கள் மட்டுமே உள்ள ஓர் உலகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே 3, 5, 15 எல்லாம் கிடையாது. ஆகவே 2, 6, 10, 30 ஆகியவற்றை வேறு இரண்டு இரட்டை எண்களின் பெருக்கலாக எழுத முடியாது. அந்த உலகத்தின் பகா எண்கள் அவைதாம். அங்கே 60 = 2×30, 60 = 6×10. இரண்டும் முழுமையாக உடைந்தவை, ஆனால் இரண்டும் வேறு வேறு. அங்கே பகாக் காரணிப்படுத்தலுக்கு ஒரே விடை என்பது இல்லை.

நம் முழு எண்களில் இந்த விபரீதம் நேராமல் காப்பது யூக்ளிட் நிறுவிய ஒரு பண்பு: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே ஆக வேண்டும். இரட்டை எண் உலகத்தில் உடைந்துபோவது இதுதான். அங்கே 6 என்பது 2×30-ஐ வகுக்கிறது, ஈவு 10. ஆனால் 2-ஐயும் வகுக்காது, 30-ஐயும் வகுக்காது. 30-ஐ வகுத்தால் வரும் 5 அந்த உலகத்தில் இல்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பகாக் காரணிப்படுத்தல்தான் உண்டு என்பதைத் தெளிவாக எழுதி முழுமையாக நிறுவியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ், ஆண்டு 1801. 1-ஐப் பகா எண் பட்டியலில் சேர்க்காததற்கும் இதுவே காரணம். சேர்த்தால் 6-ஐ 2×3 என்றும், 1×2×3 என்றும், 1×1×2×3 என்றும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். ஒரே விடை என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போய்விடும்.

இப்படி ஒரே விடை உறுதியாகிவிட்டதும், ஓர் எண்ணைப் பற்றிய பல கேள்விகளுக்கு அதன் பகாக் காரணிகளே பதில் சொல்லிவிடுகின்றன. நம் பஞ்சாங்கத்தையே பாருங்கள். வானவட்டம் 27 நட்சத்திரங்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது, 12 ராசிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. 27 = 3³, 12 = 2²×3. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் பெரிய அடுக்கை எடுத்தால் 2²×3³ = 108; அதுவே மீச்சிறு பொது மடங்கு. இரண்டு பிரிவுகளுக்கும் பொருந்திவரும்படி வட்டத்தை வெட்ட வேண்டுமானால் குறைந்தது 108 துண்டுகள் வேண்டும். அந்தத் துண்டுதான் பாதம்: நட்சத்திரத்துக்கு 4, ராசிக்கு 9. கார்த்திகையின் முதல் பாதம் மேஷத்திலும் மற்ற மூன்று பாதங்கள் ரிஷபத்திலும் விழுவது இதனால்தான். சிறிய அடுக்குகளை எடுத்தால் மீப்பெரு பொதுக் காரணி 3. வட்டத்தில் சரியாக மூன்று இடங்களில் மட்டும் நட்சத்திர எல்லையும் ராசி எல்லையும் ஒன்றாக வருகின்றன: ஆயில்யத்தோடு கடகம் முடிகிறது, கேட்டையோடு விருச்சிகம் முடிகிறது, ரேவதியோடு மீனம் முடிகிறது. சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் இந்தக் கணக்கு பொதுவானது. மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பழைய தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320 = 2⁶×5. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாம் முந்திரிக் கணக்கில் மிச்சமின்றி அடங்கிவிடும், ஏனென்றால் அவற்றின் பகுதிகள் 2, 4, 8, 16, 20, 80 என்று 2-உம் 5-உம் மட்டுமே கொண்டவை. மூன்றில் ஒரு பங்கு மட்டும் அடங்காது. 320-இல் 3 என்ற காரணியே இல்லை. முந்திரியை மறுபடி 320 பங்காக்கினால் வரும் கீழ்முந்திரி 102400-இல் ஒரு பங்கு. அதிலும் 2-உம் 5-உம்தான் இருக்கின்றன. எத்தனை முறை 320-ஆல் வகுத்துக்கொண்டே போனாலும் 3 வராது. வழங்கிவரும் வாய்பாடு ஒன்றில் கீழ்முந்திரிக்கு அடுத்துள்ள இம்மி 2150400-இல் ஒரு பங்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது கீழ்முந்திரியில் 21-இல் ஒன்று. 21 = 3×7. மூன்றும் ஏழும் அந்த இடத்தில்தான் கணக்குக்குள் நுழைகின்றன. அங்கே வந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு 716800 இம்மி என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்பதும் பகாக் காரணிகளின் அடுக்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 60 = 2²×3×5, ஆகவே 3×2×2 = 12 காரணிகள். நாம் பாடுபட்டு உடைத்த 600001-க்கு 2×2×2, எட்டே எட்டு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ராமானுஜன் தனியே ஆராய்ந்தார். 1915-இல் வெளியான அந்த நீண்ட கட்டுரைதான் 1916-இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றுத்தந்தது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் அந்த எண்களின் அமைப்பை அவர் துல்லியமாகக் காட்டினார். பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளி விடாமல் வர வேண்டும். அடுக்குகள் ஏறவே கூடாது. 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட ஓர் அட்டவணையையும் கொடுத்தார். அதன் கடைசி எண் 6746328388800, அதற்கு 10080 காரணிகள். கணிப்பொறி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் 293318625600 என்ற ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது. அதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வருகிறது.

வர்க்கங்களைக் கொண்டு உடைப்பது

2021-ஐ உடைக்க வேண்டும். வழக்கமான முறையில் போனால் 2, 3, 5, 7 என்று தொடங்கி 43 வரை வர வேண்டும். 43 பதினான்காவது பகா எண். வேறு விதமாகப் பார்க்கலாம். 2021-க்குச் சற்று மேலே உள்ள முழு வர்க்கம் 45² = 2025. வித்தியாசம் 4, அதுவும் ஒரு முழு வர்க்கம். ஆகவே 2021 = 45² − 2² = (45−2)(45+2) = 43×47. ஒரே படியில் முடிந்துவிட்டது.

எண்ணுக்கு மேலே உள்ள வர்க்கத்தில் தொடங்கி, வித்தியாசம் முழு வர்க்கமாக வரும்வரை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போவதுதான் முறை. ஐரோப்பாவில் இது பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா பெயரால் வழங்குகிறது. அவர் 1643 வாக்கில் 2027651281 என்ற எண்ணை இப்படி 12 படிகளில் உடைத்துக் காட்டினார்: 45041² − 1020², அதாவது 44021×46061. ஆனால் இந்தியக் கணித அறிஞர் நாராயண பண்டிதர் இதே வழியை அவருக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே, 1356-இல் இயற்றிய கணித கௌமுதியில் விளக்கியிருக்கிறார். காரணிகளைக் கண்டறிவதற்கென்றே அந்த நூலில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் நன்றாகத் தெரியும்படி இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜெவன்ஸின் எண்ணுக்கு இப்போது வருவோம். 8616460799-இன் வர்க்கமூலம் 92824-க்கும் 92825-க்கும் இடையில் இருக்கிறது. 92825-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினால், 56-ஆவது படியில் 92880-ஐ அடைவோம். 92880² − 8616460799 = 10233601; அது 3199-இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 92880 − 3199, 92880 + 3199. அதாவது 89681, 96079. பகா எண்களால் வகுத்துக்கொண்டே போயிருந்தால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கடந்திருக்க வேண்டும். 56 வர்க்கங்களைக் கையால் போடுவது பொறுமையுள்ள ஒருவருக்கு ஒரு பிற்பகல் வேலை. ஜெவன்ஸ் தேர்ந்தெடுத்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்துவிட்டன. புதிரின் பலவீனம் அதுதான்.

அதற்காக இது எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்று எண்ணிவிடக் கூடாது. 600001-இல் இதைப் போட்டுப் பார்த்தால், 775-இல் தொடங்கி 905 வரை 131 படிகள் ஏறிய பிறகே 905² − 468² கிடைக்கிறது. வகுத்துப் பார்க்கும் முறையில் 12 பகா எண்களோடு அதே வேலை முடிந்தது. சிறிய காரணி இருந்தால் வகுத்தல் வெல்லும். காரணிகள் நெருங்கியிருந்தால் வர்க்கம் வெல்லும். இரண்டும் இல்லாத எண்களும் நிறைய உண்டு. 1981-இல் கார்ல் பொமரன்ஸ் வகுத்த இருபடிச் சல்லடையும், அதற்குப் பின் வந்த எண்புலச் சல்லடையும் நாராயணரும் பெர்மாவும் கண்ட எண்ணத்தின் வழித்தோன்றல்களே. வர்க்கங்களின் வித்தியாசம் அந்த எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை, அதன் ஏதாவது ஒரு மடங்காக இருந்தாலே போதும் என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அப்படிப்பட்ட வர்க்கங்களைப் பெருந்தொகையில் சலித்தெடுக்கின்றன. இன்று மிகப் பெரிய எண்களை உடைப்பது இந்த வழியில்தான்.

உடையும் என்று தெரிகிறது. எதுவாக என்று தெரியவில்லை

பாடப் புத்தகங்களில் காணாத ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. ஓர் எண் பகா எண் இல்லை என்று அறிவதற்கு அதன் காரணியைக் காட்டியாக வேண்டும் என்றுதான் இயல்பாக எண்ணுகிறோம். அது தேவையே இல்லை.

பெர்மா கண்ட மற்றோர் உண்மை: p என்பது 2 அல்லாத பகா எண் என்றால், 2-ஐ (p−1) முறை பெருக்கி p-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 91-ஐ இதில் சோதிப்போம். 2¹² = 4096 = 91×45 + 1, ஆகவே 2¹²-இன் மீதி 1. 90-இல் ஏழு பன்னிரண்டுகள் போக மிச்சம் 6. ஆகவே 2⁹⁰-இன் மீதி 2⁶, அதாவது 64. 1 வரவில்லை. 91 பகா எண் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. 7-உம் 13-உம் இந்தக் கணக்கில் எங்கேயும் தலைகாட்டவில்லை.

1876-இல் பிரான்ஸின் எதுவார் லூக்கா இதைவிட நுட்பமான ஒரு சோதனையால் 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று காட்டினார். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் அதைப் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். 21 இலக்கம் கொண்ட அந்த எண் உடையும் என்று தெரிந்தது. எந்த இரண்டாக உடையும் என்பது யாருக்கும் தெரியவில்லை. 27 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. கரும்பலகையில் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டு, மறுபக்கம் இந்தப் பெருக்கலைப் போட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய் அமர்ந்தார் என்று சொல்வார்கள். மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அந்த எண்ணுக்குக் கொடுத்தாராம். அவர் போட்ட பெருக்கலைச் சரிபார்க்க ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்லை.

பெர்மா சோதனை எல்லா எண்களிடமும் செல்லுபடியாவதில்லை. ராமானுஜனோடு சேர்த்தே நாம் நினைக்கும் 1729 அதை ஏமாற்றிவிடும். 1729 = 7×13×19. 7, 13, 19 ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் 6, 12, 18. மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால் 2-ஐ வைத்துச் சோதித்தாலும், 3-ஐ வைத்துச் சோதித்தாலும், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1729 பகா எண்ணைப் போலவே மீதி 1 காட்டும். இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன. பிடி நழுவாத சோதனை வேண்டும், அதுவும் எண் நீண்டால் கைமீறிப் போகாத வேகத்தில் வேண்டும் என்ற தேடல் 2002 வரை நீடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அதைக் கொடுத்தார்கள். எந்த எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று ஐயமறச் சொல்லிவிடும் முறை அது. இலக்கங்கள் கூடக் கூட வேலையும் கூடும், ஆனால் வெடித்துப் பெருகாது. இந்திய மண்ணிலிருந்து எண்ணியலுக்குக் கிடைத்த பெருங்கொடைகளில் ஒன்று என்று அதைச் சொல்வதில் மிகை இல்லை.

காரணிகளைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கோ அப்படியொரு பதில் இன்னும் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் இணையத்தின் ரகசிய எழுத்து குடியேறியிருக்கிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கி வந்ததை ஊரறிய வெளியிடுகிறார்கள். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். திறப்பதற்கு அந்த இரண்டு பகா எண்கள் தெரிய வேண்டும். முந்நூறு இலக்கப் பகா எண்ணைத் தேர்ந்தெடுப்பது கணிப்பொறிக்குக் கடினமில்லை, சோதனைகள் கைவசம் இருக்கின்றன. பெருக்குவதும் நொடியில் முடியும். பிரிப்பது மட்டும் முடியாது.

முடியாது என்பதற்கு எல்லை எங்கே? 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டபோது, அதை உடைக்க கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கும் மேலாகும் என்றே மதிப்பிட்டார்கள். 17 ஆண்டுகளில், 1994 ஏப்ரலில், அது உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளை இணையம் வழியாகச் சேர்த்து, இருபடிச் சல்லடையை மாதக்கணக்கில் ஓட்டி அதைச் சாதித்தார்கள். இயந்திரங்களின் வேகம் கூடியது பாதிக் காரணம்; 1977-இல் இல்லாத முறை ஒன்று இடையில் பிறந்தது மீதிக் காரணம். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று எண்புலச் சல்லடையால் உடைந்தது. ஒற்றைச் செயலிக் கருவில் ஓட்டியிருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகக்கூடிய வேலை அது. 617 இலக்கம் கொண்ட ஆர்.எஸ்.ஏ.-2048 என்ற எண்ணுக்கு 200000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் போட்டி 2007-இல் முடித்துக்கொள்ளப்பட்டது. எண் இன்னும் உடையாமல் நிற்கிறது.

குவாண்டம் கணிப்பொறி கைகூடினால் காரணிகளை விரைவாகக் கண்டுபிடிக்கலாம் என்று 1994-இலேயே பீட்டர் ஷோர் நிறுவிவிட்டார். 2001-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அவர் முறையால் 15-ஐ 3×5 என்று உடைத்துக் காட்டினார்கள். அந்த இயந்திரங்கள் பெரிய எண்களுக்கு வளர இன்னும் நெடுந்தூரம் இருந்தாலும், காத்திருக்க யாருக்கும் துணிவில்லை. காரணிப்படுத்தலை நம்பாத புதிய பூட்டுமுறைகளை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. பிரிப்பது கடினம் என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை. நம்மிடம் இருப்பது பல நூற்றாண்டுத் தோல்விகளின் அனுபவம் மட்டுமே. சாதாரணக் கணிப்பொறியிலேயே, குவாண்டம் எதுவும் இல்லாமல், 617 இலக்க எண்ணை ஒரு பிற்பகலில் உடைத்துவிடும் எளிய வழி இருக்கலாம். அப்படியொன்று இருக்க முடியாது என்பதற்கு ஒரு நிரூபணமும் இல்லை.